ஐந்து இடங்கள், முப்பது வாக்குச் சீட்டுகள்

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அபிஷேகப்பாக்கத்திலிருந்து வருகிறேன். நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். வகுப்பறையில் செய்து பார்த்த செயல்பாடு ஒன்றைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். இன்று பேசப்போவது பின்னமும் வகுத்தலும்தான். ஆனால் அவை பள்ளி மேலாண்மைக் குழுவின் நாற்காலி வரை எப்படிப் போகின்றன என்பதையும் சேர்த்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த அரங்கில் தேர்தல் பணி பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். விரலில் மை வைத்திருக்கிறோம், விடிய விடியப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறோம். ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு வாக்கு எண்ணுவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி, அவ்வளவுதான். ஆனால் ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பது வேறு கணக்கு. அந்த வேறுபாட்டை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கிற அதே முறையை ஐந்து முறை செய்தால் ஐவர் குழு கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு நம் எல்லாருக்கும் பழக்கமானது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வாய்ப்பு குறைந்த பிரிவையும் நலிந்த பிரிவையும் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களுடைய விகிதத்துக்கு ஏற்ப இடம் தர வேண்டும். 'விகிதம்' என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. நாம் ஆறாம் வகுப்பில் நடத்துகிற அதே விகிதம். ஆனால் வாக்குகளை எப்படி எண்ணினால் அந்த விகிதம் வரும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

விகிதம் வராவிட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். பள்ளியைச் சுற்றி நான்கு தெரு. அங்கிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. குழுக் கூட்டம் ஒழுங்காகத்தான் நடக்கும். கையெழுத்து இருக்கும், தீர்மானம் இருக்கும், டீயும் பிஸ்கட்டும் இருக்கும். உறுப்பினர்களாக வந்த பெற்றோர் எல்லாரும் அந்த நான்கு தெருக்காரர்கள். யாரும் சதி செய்யவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கை தூக்கினார்கள், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வாய்க்காலின் சிறுபாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும். அந்த இரண்டு மாதமும் காலனிப் பிள்ளைகளின் வருகைப் பதிவில் வரிசையாக 'அ' விழும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் சுற்றுச்சுவர் உண்டு, வண்ணப்பூச்சு உண்டு, மேடைக்குக் கூரை உண்டு. அந்தச் சிறுபாலத்துக்காக ஒரு மனு கூட இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அறைக்குள் இல்லையே, எப்படி இருக்கும்?

சரி, என் வகுப்புக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் 30 பிள்ளைகள். குடிநீர், நூலகம், மதிய உணவு வரிசை இவற்றைக் கவனிக்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று வேண்டியிருந்தது. 16 பிள்ளைகள் ஊருக்குள்ளிருந்து நடந்து வருகிறவர்கள். 8 பேர் மாணவர் பேருந்தில் வருகிறவர்கள். 6 பேர் ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். எட்டுப் பேர் போட்டியிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளை அ, ஆ, இ, ஈ, உ என்று வைத்துக்கொள்வோம். பேருந்துப் பிள்ளைகள் க, ச. குடியிருப்பிலிருந்து ஒரே ஒரு பெண், ம. சீட்டில் எட்டுப் பெயரும் இருக்கும். பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று வரிசை எண் போட வேண்டும். சீட்டில் பிள்ளையின் பெயரோ ஊரோ எதுவும் கிடையாது.

முதலில் நமக்குப் பழக்கமான முறையில் எண்ணினோம். ஐந்து இடம் என்பதால் ஒவ்வொரு சீட்டிலும் முதல் ஐந்து எண்களையும் ஐந்து வாக்குகளாக எடுத்துக்கொண்டோம். அ, ஆ, இ, ஈ, உ ஐவரும் வந்துவிட்டார்கள். அவர்களில் கடைசியாக வந்த பிள்ளைக்கே 16 வாக்குக்குக் குறையவில்லை. ம வாங்கியது 14. க, ச இருவருக்கும் அதே 14. முப்பதில் பதினான்கு பேர், கிட்டத்தட்டப் பாதி வகுப்பு. அவர்களுக்கு ஐந்தில் ஓர் இடம்கூட இல்லை. கரும்பலகையைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "மிஸ், 16 பேர் இருந்தாலும் அஞ்சு, 30 பேர் இருந்தாலும் அஞ்சா?" என்று கேட்டான். நான் இரண்டு பாடவேளை விளக்கியிருந்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

பிறகு அதே சீட்டுகளை வேறு முறையில் எண்ணினோம். இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. நம் அரசியலமைப்பின் 80ஆவது பிரிவு மாநிலங்களவைத் தேர்தலுக்கு வகுத்துத் தந்த, மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறை. வேரைத் தேடினால் 1850களில் டென்மார்க்கின் ஆண்ட்ரே, இங்கிலாந்தின் தாமஸ் ஹேர் ஆகியோரிடம் போய் நிற்கும். செய்தித்தாளில் "தமிழ்நாட்டில் ஒரு மாநிலங்களவை இடத்துக்கு 34 சட்டமன்ற உறுப்பினர்கள் தேவை" என்று படித்திருப்பீர்கள். அந்த 34 எங்கிருந்து வருகிறது? உறுப்பினர்கள் 234 பேர். ஒரு வாக்கின் மதிப்பு 100. ஆக மொத்தம் 23,400. ஒரு சுற்றில் ஆறு இடம் காலியானால், ஆறோடு ஒன்றைக் கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். ஈவு 3,342. மீதியை விட்டுவிட்டு ஒன்றைச் சேர்த்தால் 3,343. முப்பத்து மூன்று பேர் போட்டால் 3,300தான் வரும், போதாது. முப்பத்து நான்காவது ஆள் வேண்டும்.

ஒரு வாக்கை ஏன் 100 ஆக்குகிறார்கள்? பின்னத்தைத் தவிர்க்கத்தான். என் வகுப்பில் இதைக் காசாக மாற்றிக்கொண்டோம். ஒரு சீட்டு ஒரு ரூபாய், அதாவது நூறு காசு. முப்பது சீட்டுக்கு 3,000 காசு. ஐந்து இடம் என்பதால் ஆறால் வகுத்தோம், 500. ஒன்று கூட்டினால் 501. ஒருவர் ஜெயிக்க 501 காசு வேண்டும். ஏன் ஐந்தால் வகுக்காமல் ஆறால் வகுக்க வேண்டும் என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். அதற்கு விடை கழித்தலில் இருக்கிறது. ஐந்து பேர் ஆளுக்கு 501 எடுத்துக்கொண்டால் 2,505 போய்விடும், மிஞ்சுவது 495. ஆறாவதாக ஒருவர் 501ஐ எட்டவே முடியாது. ஐந்து பேரை மட்டும் அனுமதிக்கிற மிகச் சிறிய எண் அதுதான்.

முதல் விருப்பங்களை எண்ணினோம். அ 11, ஆ 3, இ 2, க 5, ச 3, ம 6. ஈ, உ இருவருக்கும் ஒன்றுமில்லை. நண்பர்கள் பெயர் சொன்னார்கள் என்று நின்ற பிள்ளைகள், தங்களுக்கே கூட 1 போட்டுக்கொள்ளவில்லை. நம் பெரியவர்களிடம் காணக் கிடைக்காத குணம்!

அ-விடம் 1,100 காசு, வெற்றி. ம-விடம் 600 காசு, வெற்றி. க-விடம் சரியாக 500. ஒரே ஒரு காசு குறைவு. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

அ-வுக்குத் தேவை 501 மட்டுமே. மிச்சம் 599 காசு வீணாகக் கூடாது. அவனுக்கு வாக்களித்த 11 பேரின் இரண்டாவது விருப்பத்துக்கு அது போக வேண்டும். 599ஐ 11ஆல் வகுத்தால் சீட்டுக்கு 54 காசு, மீதி 5 காசை விட்டுவிடுகிறோம். மாநிலங்களவையிலும் அப்படித்தான் விடுகிறார்கள். அந்த 11 சீட்டில் ஆறு ஆ-வுக்குப் போயின, 324 காசு. ஐந்து இ-க்குப் போயின, 270 காசு. ஆ-வுக்கு ஏற்கெனவே இருந்த 300ஐச் சேர்த்தால் 624, வெற்றி. இ-க்கு 470. அடுத்து ம-வின் உபரி 99 காசு. ஆறு சீட்டுக்குப் பிரித்தால் தலா 16. நான்கு பேர் இரண்டாவதாக க-வைக் குறித்திருந்தார்கள், 64 காசு. க 564, வெற்றி. மற்ற இரண்டு பேர் இ-யைக் குறித்திருந்தார்கள், 32 காசு. 470ஓடு 32 சேர்ந்தால் 502. அவனும் வெற்றி.

அ, ஆ, இ, க, ம. ஊரிலிருந்து மூவர், பேருந்தில் வருகிறவர்களில் ஒருவர், குடியிருப்பிலிருந்து ஒருத்தி. 16, 8, 6 என்ற எண்களை ஐந்துக்குள் இதைவிட நெருக்கமாக அடக்க முடியாது. ஊர்ப் பிள்ளை இ கடைசி 32 காசை எங்கிருந்து வாங்கினான் என்று பாருங்கள். குடியிருப்புப் பிள்ளைகள் இரண்டு பேரின் சீட்டிலிருந்து! "அப்ப என் ஓட்டு 16 காசுக்குப் போச்சா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். போகவில்லை, 84 காசு ம-வுக்கு ஆயிற்று, 16 காசு அடுத்தவருக்கு உதவிற்று, உன் ரூபாய் முழுசாகச் செலவாயிற்று என்றேன். கூட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரையும் இன்ன பிரிவு என்று முன்கூட்டியே முத்திரை குத்த வேண்டியதில்லை என்பதுதான். எங்கள் புதுச்சேரிக்கு இதற்கு நேர்மாறான அனுபவம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல். தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற இந்தியர், ரெனோன்சான்கள், இன்னொரு பட்டியல். மற்ற இந்தியர் எல்லாரும் மூன்றாவது. 1899இல் அது இரண்டு பட்டியலாயிற்று. சில நூறு பேர் மட்டுமே இருந்த ஐரோப்பியருக்கு, அவர்களின் எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத இடங்கள் கிடைத்தன. பிரிவுகளுக்கு இடம் தருவது வேறு, விகிதப்படி தருவது வேறு. பட்டியலை யார் போடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குடவோலையை விட்டுவிட்டு இந்தப் பேச்சைத் தமிழ்நாட்டில் முடிக்க முடியாது. நாமே சமூக அறிவியல் பாடத்தில் நடத்துகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவரைக் குடத்திலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தார்கள். அந்த முப்பது பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். கணித ஆசிரியர் கண்ணால் பார்த்தால் அதில் இரண்டு நல்ல யோசனைகள் உண்டு. ஊரின் எந்த மூலையும் விடுபடாது, அந்தந்தக் குடும்புக்கு ஒருவர் உறுதி. முந்தைய மூன்று ஆண்டில் பதவியில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்பதால் ஒருவரே ஒட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போகும்? வரி கட்டுகிற கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. நிலமில்லாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகவில்லை. எண்ணுகிற முறை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் குடத்துக்கு வெளியே இருப்பவரை அது உள்ளே கொண்டுவராது.

குடும்புக்கு ஒருவர் என்றதும் நம் பள்ளிகளில் உள்ள ஒரு பழக்கம் நினைவுக்கு வருகிறது. "வகுப்புக்கு ஒரு பெற்றோர்" என்று எடுத்துவிடுவது. கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் காலனிப் பிள்ளைகள் நூற்றுக்கு இருபது பேர் என்று வையுங்கள். வகுப்புக்கு ஓர் இடம் என்றால், ஒவ்வொரு வகுப்பிலும் எண்பது பேர் பக்கம்தான் ஜெயிக்கும். ஒன்றாம் வகுப்பில் பூஜ்யம், இரண்டில் பூஜ்யம், கடைசி வரை பூஜ்யம். பன்னிரண்டு இடத்தையும் ஒன்றாக வைத்து மாற்றத்தக்க வாக்கு முறையில் எண்ணினால், பதின்மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பவர்களுக்கு, அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர் இருந்தாலே, ஓர் இடம் உறுதி. இருபது பேர் இருந்தால் இரண்டு இடம் உறுதி. அதே பெற்றோர், அதே பன்னிரண்டு நாற்காலி.

புதுச்சேரிக்கு மாநிலங்களவையில் இருப்பது ஒரே இடம். முறை அதே மாற்றத்தக்க வாக்குதான். ஆனால் ஓர் இடத்துக்கு இரண்டால் வகுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் 16 பேர் கைவசம் உள்ளவருக்கே இடம். ஓர் இடத்தை எந்தக் கணித மேதையாலும் விகிதப்படி பங்கு போட முடியாது. ஆகவே குழுவைத் துண்டு துண்டாக்கித் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

பள்ளிக்கூடக் குழுக்களுக்கே இதற்கு முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் 1870 தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளூர்ப் பள்ளி வாரியங்களை அமைத்தது. வாரியத்தில் எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவருக்கும். அவற்றைப் பிரித்துப் போடலாம், வேண்டுமானால் ஒருவருக்கே குவித்தும் போடலாம். சிறுபான்மைச் சமயத்தார் தங்கள் வாக்குகளை ஓரிருவருக்குக் குவித்து வாரியத்தில் இடம் பிடித்தார்கள். பெண்களும் நிற்கலாம் என்பதால், அந்த ஆண்டே லண்டன் வாரியத்துக்கு மருத்துவர் எலிசபெத் காரெட் தேர்வானார். மேரில்போன் பகுதியில் முதலிடம் அவருக்குத்தான். குவிக்கும் முறையில் ஒரு குறை உண்டு. ஒரு பிரிவார் தேவைக்கு மேல் ஒருவருக்கே கொட்டிவிட்டால் மிச்சம் வீணாகும். நாம் பார்த்த உபரி மாற்றம் அதைத்தான் சரிசெய்கிறது.

இப்போது நீங்கள் மனதுக்குள் கேட்கிற கேள்வி எனக்குப் புரிகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை 1, 2, 3 என்று எழுதிவிடும். நடவுக்குப் போய்விட்டு நேராகக் கூட்டத்துக்கு வருகிற அம்மா எழுதுவாரா? வரிசை எண் போடச் சொன்னால் பலர் தயங்குவார்கள். அவர்களுக்கு வேறு முறை இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த தீலே என்ற வானியல் கணித அறிஞர் 1895இல் சொன்னது. வேட்பாளர்களின் படம் போட்ட சீட்டைக் கொடுங்கள். வேண்டியவர்களுக்கு எல்லாம் டிக் போடட்டும், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும். எண்ணும்போது முதலில் அதிக டிக் வாங்கியவர் உள்ளே வருவார். அவருக்கு டிக் போட்ட சீட்டுகளின் மதிப்பு அதோடு பாதியாகும். அந்தச் சீட்டிலிருந்து இரண்டாவது ஆள் வந்துவிட்டால் மூன்றில் ஒன்றாகும். அதாவது, ஏற்கெனவே தன் ஆளைப் பெற்றுவிட்டவர் அடுத்தவருக்குக் கொஞ்சம் வழிவிட வேண்டும்.

நம் 16, 8, 6ஐயே போட்டுப் பாருங்கள். அவரவர் தங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் டிக் போடுகிறார்கள் என்று வையுங்கள். முதல் இடம் 16 பேர் பக்கம். அவர்கள் மதிப்பு எட்டாகிவிட்டது. பேருந்துப் பிள்ளைகளும் எட்டு, இருவருக்கும் சமம், இரண்டாவது மூன்றாவது இடங்கள் ஆளுக்கொன்று. இப்போது ஊர்ப் பக்கம் 16ஐ மூன்றால் வகுத்து 5.33. பேருந்துப் பக்கம் எட்டில் பாதி 4. குடியிருப்பு இன்னும் முழு 6. நான்காவது இடம் அங்கே. ஐந்தாவது 5.33க்கு. மறுபடியும் 3, 1, 1தான். கட்சிப் பட்டியல்களுக்கு இடம் பிரிக்க பெல்ஜியத்தின் டோண்ட் சொன்ன வகுத்தலும் இதே வரிசையைத்தான் தரும். தீலே முறையின் கூடுதல் வசதி, ஒருவர் இரண்டு பக்கத்திலும் டிக் போடலாம் என்பது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் உள்ள ஓர் அம்மா, அந்தப் பக்கம் உள்ள சுய உதவிக் குழுத் தோழிக்கும் போடலாம். ஊரில் உண்மையில் அப்படித்தானே இருக்கிறது?

பாதிப் பேர் பெண்கள் என்ற விதியை எதிலும் சேர்த்துக்கொள்ளலாம். 16 பேர் குழு, 12 பெற்றோர், அதில் குறைந்தது ஆறு பெண்கள் என்று வைத்தால், ஆண்களுக்கான ஆறு இடமும் நிரம்பியதும் மீதி ஆண்களின் பெயரை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டுத் தொடர வேண்டும். சிலர் "நல்ல எண்ணும் முறை வந்துவிட்டால் ஒதுக்கீடு எதற்கு?" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வகுப்பில் குடியிருப்பிலிருந்து நின்றது ஒரே ஒரு பெண். அவளும் நிற்காமல் இருந்திருந்தால் அந்த ஆறு ரூபாய் எங்கே போயிருக்கும்? நிற்பதற்கே தயங்குகிறவருக்கு ஒதுக்கீடு கதவைத் திறக்கிறது. வந்த வாக்கு வீணாகாமல் பார்த்துக்கொள்வது எண்ணும் முறையின் வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. எங்கள் கிராமங்களில் ஒரு தலைமுறைப் பெற்றோருக்கு, கண்ணெதிரே உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு குழுவுக்குத் தங்கள் ஆளை அனுப்பும் வாய்ப்பைப் பள்ளிதான் தந்திருக்கிறது. இது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைகள். குழு அமைப்பதில் அரசின் வழிகாட்டுதல் எதைச் சொல்கிறதோ அதை மீற வேண்டாம். அது நம்மிடம் விட்டிருக்கிற இடத்தில் இதைச் செய்யலாம். பெற்றோரிடம் போவதற்கு முன் வகுப்பில் ஒருமுறை செய்யுங்கள். பிள்ளைகளை எந்தக் காரணம் கொண்டும் சாதிவாரியாக எண்ணிக் காட்டாதீர்கள். நடந்து வருகிறவர், பேருந்தில் வருகிறவர் போதும். எண்ணுவதைக் கரும்பலகையில் எல்லார் கண்ணெதிரிலும் செய்யுங்கள். சீட்டுகளைக் கட்டிப் பத்திரமாக வைத்திருங்கள், யாராவது மறுபடி எண்ணிப் பார்க்கக் கேட்பார்கள். எங்கள் வகுப்பில் ச-வின் ஆதரவாளர்கள் கேட்டார்கள். ச-விடம் இருந்தது 300 காசு, கடைசி வரை அது நகரவே இல்லை. ம-வின் சீட்டுகள் ஆறையும் அவர்கள் கையிலேயே கொடுத்தேன். இரண்டாவது விருப்பங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை காலனிப் பிள்ளைங்ககிட்டயும் போய் ஓட்டுக் கேக்கணும்டா" என்று பேசிக்கொண்டே போனார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு பாடவேளையும் சிறு இடைவேளையும் ஆயிற்று. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.